மொகோவே படகில் மாசூதின் பாட்டு

கென்யக் கடற்கரையில், மொகோவே ஆஸ்பத்திரியின் சீட்டுச் சன்னலில் பத்தொன்பது வருஷம் பெயர் கூப்பிட்டவள் சைதூனி. ஒலிபெருக்கி கிடையாது. காலை எட்டு மணிக்கே முன்னூறு பேர் நிற்பார்கள். பிள்ளைகள் அழும், பெண்கள் ஊர்க்கதை பேசுவார்கள், பின்னால் லாரி ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். சைதூனி கம்பிக்கு நடுவே வாயை வைத்து, ஆளின் பெயர், அப்பன் பெயர், பாட்டன் பெயர் மூன்றையும் ஒரே மூச்சில் விடுவாள். வேப்பமரத்தடியில் தூங்குகிறவன்கூட எழுந்து வந்துவிடுவான். சாயங்காலம் படகேறி லாமுத் தீவுக்குத் திரும்பினால் அதே குரலுக்குக் கல்யாண வீடுகளில் வேலை இருக்கும். அவள் முதல் அடியை எடுத்துக் கொடுக்காமல் பெண்கள் யாரும் பாட ஆரம்பிப்பதில்லை.

நாற்பத்தெட்டாவது வயதில் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. மொம்பாசாவில் அறுத்து எடுத்தார்கள். கட்டி போயிற்று. குரலில் பாதியும் போயிற்று. மிஞ்சியது, ஈரத்துணியைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம்.

“குரல் நரம்பு ஒண்ணு சோர்ந்து கெடக்கும்மா,” என்றார் டாக்டர். “வேலை குடுத்தா எழுந்திரிக்கும். தினமும் சத்தமா பேசுங்க, படிங்க, பாடுங்க. ஒரு வருஷம் பாக்கலாம். அதுக்குள்ள வந்தது வரவு. அதுக்கப்புறம் இருக்கிறதோட வாழப் பழகிக்கணும்.”

சைதூனி தலையாட்டிவிட்டு ஊருக்கு வந்தாள். வந்து, சொன்னதற்கு நேர் எதிராகச் செய்தாள். வாயை மூடிக்கொண்டாள். ஒரு சின்னத் தாள்கட்டும் பென்சிலும் வாங்கினாள். வீட்டில் கணவரிடம் பேசக்கூடத் தாளைத்தான் கிழித்தாள். ஆஸ்பத்திரியில் அவளைச் சன்னலிலிருந்து எடுத்து, பழைய சீட்டுகள் அடுக்கிய பின்னறையில் போட்டார்கள். அங்கே யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அவளுக்கு அது வசதியாக இருந்தது என்பதுதான் வருத்தமான விஷயம். ஊரே கேட்ட குரல் இப்படி ஆகிவிட்டதை ஊர் கேட்கக் கூடாது. அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அந்த நிலையில்தான் ஒரு கல்யாணத்தில், கூட்டத்தில் ஒருத்தியாக, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் மாசூதின் பாட்டைப் பாடினார்கள். அது தீவின் பழம்பெரும் காவியம். மொத்தம் தொள்ளாயிரத்து நாற்பது செய்யுள். கல்யாணத்தில் பாடுவது நாற்பது. அந்த நாற்பதும் எல்லோருக்கும் மனப்பாடம். சைதூனிக்குத் திடீரென்று உறைத்தது: மற்றத் தொள்ளாயிரத்தில் என்ன இருக்கிறது? முப்பது வருஷமாகப் பாடியவள் அவள். மாசூத் ஒரு கப்பல் தலைவன், அழகாகக் கல்யாணம் செய்துகொண்டான் என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் எழுதிக் கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை.

அன்று வீட்டுக்குப் போய்த் தாள்கட்டில் எழுதினாள்: ‘முழுசும் படிக்கிறேன். ஒரு வருஷம். தொள்ளாயிரத்து நாற்பதும்.’ எழுதியதைக் கணவரிடம் காட்டினாள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, “பழைய எழுத்தாச்சே,” என்றார்.

அதுதான் சிக்கல். பாட்டின் மொழி சுவாஹிலி, எழுத்து அரபு. பள்ளியில் சுவாஹிலியை அவள் ஆங்கில எழுத்தில் படித்தவள். அரபு எழுத்தைக் குர்ஆன் ஓதுவதற்காகப் படித்தவள். இரண்டையும் ஒன்றாக அவள் கண் பார்த்ததில்லை. பாட்டை எழுதிய பழைய ஏடு இருந்தது மூன்று சந்து தள்ளி, நஃபீசா வீட்டுத் தகரப் பெட்டியில், கிராம்புக்கு நடுவே. அது வாசற்படி தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். நஃபீசா சைதூனியின் வயதுக்காரி, கறாரான ஆள். “மாடியில உக்காந்து போன்ல படம் எடுத்துக்கோ. கைய முதல்ல கழுவு,” என்றாள்.

நூற்றுப் பதினெட்டுப் பக்கம். படம் எடுத்து, கடற்கரைச் சாலைக் கடையில் தாளில் அச்செடுத்துக்கொண்டு வரும்போது, சந்துத் திருப்பத்தில் பவளக்கல் சுமந்த கழுதை ஒன்று வந்தது. லாமுச் சந்தில் கழுதைக்கு வழி விடுவது மனுஷர்தான். சைதூனி சுவரோடு ஒட்டினாள். கழுதையும் அதே சுவரோடு ஒட்டியது. தாள்கள் சாக்கடை ஓரம்வரை பறந்தன. பொறுக்கி, துடைத்து, எண்ணிப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டும் இருந்தது. நிம்மதியாகப் போய்த் தைத்துக்கொண்டாள்.

பழைய ஏட்டில் பக்க எண் கிடையாது.

மறுநாளிலிருந்து படகில் படித்தாள். லாமுவிலிருந்து மொகோவே முக்கால் மணி நேரம். போகும்போது நாலு செய்யுள், வரும்போது நாலு என்று கணக்கு. முதல் வாரம் ஒரு செய்யுளைப் பிரிப்பதற்குள்ளேயே கரை வந்துவிடும். மூன்றாவது வாரம் எழுத்து கண்ணுக்குப் பழகியது. அதன் பிறகு நடந்ததுதான் அவளை உலுக்கியது. காற்றுகளின் பெயர்களை மட்டும் பதினேழு செய்யுளில் சொல்கிறது பாட்டு. விடியலில் கரையிலிருந்து வருவது, மழைக்கு முன்னால் வருவது, கயிற்றை மட்டும் ஆட்டிவிட்டுப் போவது. தலையைத் தூக்கினால் முகத்தில் அதே காற்று. பிறந்ததிலிருந்து அடிக்கிற காற்று, அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. சைதூனி தாளை மடியில் கவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு எதிரே தினமும் உட்காருகிறவள் மிஸ்கி. மொகோவே சந்தையில் மஹம்ரி ரொட்டியும், சர்க்கரையில் சிவக்க வைத்த பாவோபாப் மரத்து விதையும் விற்கிறவள். அவளால் ஒருவரைச் சும்மா விட முடியாது.

“என்னக்கா, இன்னிக்கு என்ன ஆச்சு மாசூதுக்கு?”

சைதூனி தாளில் எழுதிக் காட்டுவாள்: ‘தண்ணீர் தீர்ந்தது. மாலுமிகள் கப்பல் பாயைப் பிழிந்து குடிக்கிறார்கள்.’

“சத்தமே இல்லாம படிக்கிறியே, இது என்ன படிப்பு? மீன் கடைக்குப் போயி மோந்து பாத்துட்டு வர்ற மாதிரி இருக்கு.”

படகு சிரிக்கும். சைதூனியும் சிரிப்பாள், சத்தமில்லாமல்.

கதை போகப் போக விசித்திரமாயிற்று. மாசூத் கடலில் செத்துப்போனான். அந்நியக் கரையில் மீனவர்கள் அவன் உடலைக் கழுவினார்கள். அடுத்த பக்கத்தில் அவனுக்கு ஏழு வயசு, அம்மாவிடம் தேங்காய்ப்பால் கேட்டு அழுதுகொண்டிருந்தான். அதற்கடுத்து கல்யாணம். சைதூனி மலைத்துப்போனாள். பெரிய கவிகள் காலத்தை நேராக ஓட்ட மாட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் கல்யாணச் செய்யுள்களை முப்பது வருஷம் சிரித்துக்கொண்டே பாடியவள் இப்போது அழுதாள். இவன் சாகப்போகிறவன் என்று அவளுக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

ஐந்தாவது மாதம், கடல் வற்றும் நேரத்தில், அலையாத்திக் கால்வாயில் படகு மணல்திட்டில் உட்கார்ந்துவிட்டது. படகை ஓட்டும் நகுதா ஷெபே இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தான். ஏறி எஞ்சினை நிறுத்தினான்.

“ரெண்டு மணி நேரம். தண்ணி ஏறினா போலாம்.”

“நேத்தும் இதான் சொன்னே,” என்றார் ஒரு கணக்கர்.

“நேத்தும் ஏறிச்சுல்ல?”

முப்பது பேர். வெயில். பொழுது போகவில்லை. மிஸ்கி சைதூனியின் தாள்கட்டை உருவி, அவள் இதுவரை எழுதிக் காட்டிய கதையைச் சத்தமாகப் படித்தாள். “செத்தான். குளிப்பாட்டுனாங்க. அழுதான். கல்யாணம் பண்ணான். பொறந்தான்.” நிமிர்ந்தாள். “அக்கா, இவன் மனுஷனா, நண்டா? நேராவே போக மாட்டேங்கிறான்?”

படகு குலுங்கியது. சைதூனி வேகமாக எழுதினாள்: ‘பழைய காலத்தில் அப்படித்தான் எழுதுவார்கள்.’

“குடுங்க பீபி, பாப்போம்,” என்று ஷெபே ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தான். தாள்களைப் புரட்டினான். “கீழ மூலையில ஒரு சொல்லு தனியா நிக்குதே, இது என்னான்னு நெனச்சீங்க?”

சைதூனி தோளைக் குலுக்கினாள். எழுதியவரின் அழகு வேலை என்றுதான் நினைத்திருந்தாள்.

“அடுத்த பக்கத்தோட மொத சொல்லு. ஏடு கலைஞ்சா சேக்குறதுக்காகப் போடுறது. உங்க ஏடு கலைஞ்சிருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. சைதூனியின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். ஐந்து மாதம். ஒருமுறை, ஒரே ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்திருந்தால் அந்த முப்பதில் யாராவது அன்றே சொல்லியிருப்பார்கள்.

மிஸ்கிதான் தையலை முதலில் பிரித்தாள். தாள்களைப் பலகைகளில் பரப்பினார்கள். பறக்காமல் இருக்க மேலே தேங்காய், செருப்பு, எண்ணெய் டப்பா, கணக்கரின் கைப்பை. ஓத்துப்பள்ளியில் எழுத்துப் படிக்காதவர் அந்தப் படகில் இல்லை. ஆளுக்கு ஐந்தாறு பக்கம் பிரித்துக்கொண்டார்கள். முதல் பக்கம் எது என்று எல்லோருக்கும் தெரிந்தது. மையும் தாளும் நாணல் பேனாவும் கொண்டு வரச் சொல்லி ஆரம்பிப்பது அது ஒன்றுதான். அது சைதூனியின் கையில் இருந்தது. அதன் கீழ் மூலைச் சொல்லை யாராவது சொல்ல வேண்டும்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பென்சிலை எடுத்தாள்.

“எழுதி முப்பது பேருக்கும் சுத்தி விடுவியா?” என்றாள் மிஸ்கி. “உன் தொண்டை ஒடஞ்சது இந்த ஊருல யாருக்குத் தெரியாது? பொத்திப் பொத்தி வைக்க அது என்ன தங்கமா?”

எஞ்சின் நின்றிருந்தது. தண்ணீர்கூட அசையவில்லை. சைதூனி அந்த ஒரு சொல்லைச் சொன்னாள். ஈரத்துணி இழுபட்டது. படகின் மறுகோடியிலிருந்து ஒரு பெண், “இங்க, எங்கிட்ட,” என்றாள். தாள் கை மாறி வந்தது. அடுத்த சொல். “இந்தா.” அடுத்தது. நூற்றுப் பதினேழு சொல். பாதியில் மூச்சு வாங்கியது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசிப் பக்கம் சேரும்போது தண்ணீர் ஏறிப் படகு ஏற்கனவே மிதந்துகொண்டிருந்தது. ஷெபே எஞ்சினைத் தொடவில்லை. கணக்கரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை சைதூனி வழக்கம்போல உட்கார்ந்து, முதல் பக்கத்தை எடுத்து, மனசுக்குள் படிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டது. நிமிர்ந்தால், படகு முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் பேசவில்லை. லாமுக்காரர்கள் முப்பது பேர் ஒரே படகில் பேசாமல் இருப்பது சாதாரண விஷயமில்லை.

“நாங்க அடுக்குனது,” என்றாள் மிஸ்கி. “எங்களுக்கும் பங்கு இருக்கு.”

‘எஞ்சின் சத்தத்தில் கேட்காது’ என்று எழுதினாள் சைதூனி.

ஷெபே தாளை எட்டிப் பார்த்துவிட்டு எஞ்சினைத் தணித்தான். படகு ஆமையாக ஊர்ந்தது. அலுவலகத்துக்குப் போகிறவர்கள் முனகினார்கள். “இருங்கப்பா, நாலு செய்யுளு,” என்றான் அவன்.

தப்பிக்க வழியில்லை. சைதூனி படித்தாள்.

அந்தப் பாட்டின் கட்டுமானம் இப்படி. செய்யுளுக்கு நாலு குட்டி அடி. முதல் மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து முடியும். நாலாவது அடி ‘யா’ என்று முடியும். முதல் செய்யுளிலிருந்து தொள்ளாயிரத்து நாற்பதாவது செய்யுள்வரை, எத்தனை பேர் செத்தாலும் பிறந்தாலும், நாலாவது அடி ‘யா’ என்றுதான் முடியும். எங்கும் மாறாத இந்த ஒலிக்குத் தீவில் ‘கடல்’ என்று பெயர்.

முதல் அடி வந்தது. இரண்டாவது கீறலோடு வந்தது. மூன்றாவதில் குரல் உடைந்து, நாலாவதின் நடுவில் காற்றே இல்லாமல் நின்றுவிட்டது. அவள் வாய் மட்டும் அசைந்தது. முப்பது பேரும், தாளைப் பார்க்காமலே, அந்த அடி எங்கே போய் முடியும் என்று தெரிந்து, “யா,” என்றார்கள்.

சைதூனி அடுத்த செய்யுளுக்குப் போனாள். மூன்றடி அவள் போனால் போதும். நாலாவதுக்குக் கடல் வரும். யாரோ ஒரு கவி, இருநூறு வருஷத்துக்கு முன்னால், மூச்சுப் போதாதவர்களையும் மனதில் வைத்தா இதைக் கட்டினார்? அப்படி இருக்காது. ஆனாலும் அன்று அப்படித்தான் தோன்றியது.

பின்னறை வேலையும் பகல்பொழுதும் அவளுக்கு இரண்டு படகுப் பயணங்களுக்கு நடுவே கிடக்கிற இடைவெளியாக ஆயின. ஆட்கள் மாறினார்கள். சந்தைக்காரர்கள், காய்ச்சல் பிள்ளைகளோடு தாய்மார்கள், ஒருநாள் நாலு ஆடு. கேட்டவர்கள் இறங்கிப் போய்க் கதை நின்ற இடத்தைச் சொல்ல, மறுநாள் வேறு பேர் ஏறி, “தண்ணி கெடச்சுதா அவங்களுக்கு?” என்று கேட்டார்கள். வரிசை மாறிப் படித்தபோது அழுத இடங்களில், சரியான வரிசையிலும் அவள் அழுதாள். மாசூத் செத்த பிறகும் இருநூறு செய்யுள் இருந்தது. இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவன் மனைவி, பருவம் தப்பிக் கப்பலை அனுப்பிய சுல்தானின் சபைக்குப் போகிறாள். செத்த நாற்பது மாலுமிகளின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். ஒவ்வொருவனுக்கும் ஒரு செய்யுள். இவனுக்குப் புளிப்பு மாங்காய் பிடிக்கும். இவன் தூக்கத்தில் சிரிப்பான். இவன் தங்கைக்குச் செருப்பு வாங்கி வருவதாகச் சொன்னான். சுல்தான் போதும் என்கிறான். அவள் நிறுத்தவில்லை. நாற்பது செய்யுள், ஐந்து நாள், அந்தப் படகில் ‘யா’ என்றவர்களின் குரல் நாளுக்கு நாள் தணிந்து, கடைசி மாலுமிக்கு வரும்போது மூச்சளவில் இருந்தது. ஷெபே முகத்தைத் திருப்பிக்கொண்டு சுக்கானைப் பிடித்திருந்தான். “அந்தக் காத்துல நானா இருந்தாலும் போயிருக்க மாட்டேன்,” என்றான், யாரிடமும் இல்லாமல்.

இன்னும் முப்பது செய்யுள் பாக்கி இருக்கும்போது டாக்டர் சொன்ன வருஷம் முடிந்தது. மொம்பாசாவில் டாக்டர் சின்ன விளக்கைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார்.

“நல்லா வேலை குடுத்திருக்கீங்க. கொஞ்சம் அசையுது. ஆனா இவ்வளவுதாம்மா. இதுக்கு மேல வராது.”

சைதூனி தாள்கட்டைத் தேடினாள். அது வீட்டிலேயே கிடந்தது, எத்தனை நாளாகவோ. “இது போதுமா?” என்று கேட்டாள், கரகரப்பாக.

“எதுக்கும்மா போதுமா?”

 ஊருக்குத் திரும்பும் பேருந்து முழுக்க அந்தக் கேள்வி அவள் கூடவே வந்தது. கல்யாணங்களில் முதல் அடி இனி அவளுடையதில்லை. மூன்று பலகை தள்ளி உட்காருகிறவருக்குக் கேட்கிற குரல், அவ்வளவுதான் அவளுக்கு இனி. மறுநாள் படகில் தாளைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். மிஸ்கி மூன்று பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களைப் பார்த்து, “கிட்ட வந்து உக்காருங்க, அங்க என்ன பண்றீங்க,” என்றாள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. ஷெபே திட்டினான். பாதிப் பேரை மறுபக்கம் மாற்றி, நடுவில் அவளை உட்கார வைத்தான்.

ஒரு வாரத்தில் முடிவுக்கு வந்தார்கள். கடைசி நாலு செய்யுளில் கவி தன்னைச் சொல்கிறார். மாசூதின் பாட்டை எழுதியது ஒரு பெண். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே எழுதினாளாம். பிழை இருந்தால் திருத்துங்கள் என்கிறாள். என் குரல் இந்த முற்றத்தைத் தாண்டியதில்லை, நீங்கள் படிக்கிற இடத்துக்கெல்லாம் அது வரும் என்கிறாள். பெயர் கடைசி அடியில் இருந்தது. ஷரீஃபா. சைதூனி அதைப் படித்தாள். ‘யா’ வந்தது. படகு மொகோவேத் துறையில் முட்டியது. ஷெபே கயிற்றை வீசவே மறந்துவிட்டான். யாரும் எழவில்லை.

அன்று மாலை சைதூனி நஃபீசா வீட்டு மாடிக்குப் போனாள். “முடிச்சிட்டேன்,” என்றாள்.

நஃபீசா அவளை நன்றாகப் பார்த்தாள். “வாய்விட்டா, மனசுக்குள்ளயா?”

“வாய்விட்டு.”

நஃபீசா உள்ளே போய் ஏட்டை எடுத்து வந்தாள். பின் அட்டையோடு ஒட்டியிருந்த ஒரு தாளைக் கத்திமுனையால் மெல்லத் தூக்கினாள். சைதூனி படம் எடுத்தபோது அது அட்டை என்றே நினைத்திருந்தாள். உள்ளே ஏழு கையெழுத்து, ஏழு விதமான மை. ஒவ்வொன்றும் ஒரே மாதிரி: இன்னார் மகள் இன்னாள், முழுவதும் வாய்விட்டுப் படித்து முடித்தேன். கேட்டவர்கள் இன்னார், இன்னார். கடைசிக் கையெழுத்துக்கு அறுபத்தொரு வருஷம் ஆகியிருந்தது.

“கேட்டவங்க பேரு இல்லாம எழுதக் கூடாது,” என்றாள் நஃபீசா. “மனசுக்குள்ள படிச்சவங்க ரெண்டு பேரு வந்து கேட்டிருக்காங்க. நான் காட்டல.”

இருநூறு வருஷத்தில் ஏழு பேர். சைதூனி அந்தப் பெயர்கள்மேல் விரலை வைக்காமல், காற்றிலேயே ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். பிறகு பேனாவை வாங்கினாள். கீழே மூன்று விரல் அகலம்தான் இடம் இருந்தது. தன் பெயரையும் அப்பா பெயரையும் எழுதினாள். கேட்டவர்கள் என்று எழுதி, ஷெபே, மிஸ்கி என்று போட்டாள். அந்தக் கணக்கரின் பெயர் என்ன? அந்தத் தாய்மார்களின் பெயர்? ஒருத்தரையும் அவள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

“எத்தன பேரு?” என்றாள் நஃபீசா.

“தெரியல. ஏறுனாங்க, எறங்குனாங்க.”

சைதூனி குனிந்து, பழைய எழுத்தில், மெதுவாக எழுதினாள்: ‘மற்றும் மொகோவேக்கும் லாமுவுக்கும் நடுவே போய்வந்த எல்லோரும்.’

நஃபீசா மை காய்கிறவரை ஏட்டைத் திறந்தே பிடித்திருந்தாள்.